ஏழாவது குழு

நெப்ராஸ்காவின் சோளம் முடியவே முடியாது
என்று பாதி வழியில் வயட் சொன்னான்.
முடிந்தது.
அயோவாவின் சோளம் தொடங்கியது.

பதினொரு பிள்ளைகள், பாஸ்டர் ஓல்கி,
வேன் ஓட்ட நான்.
தீவன மண்டியில் நான்கு நாள் விடுப்பு
சம்பளமில்லாமல்.
எல்லாருக்கும் எலுமிச்சை மஞ்சளில் ஒரே சட்டை.
முதுகில் வசனத்தின் எண் மட்டும்;
வசனத்தையும் போட்டால்
எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார்
அச்சகக்காரர்.

சிகாகோ தெரிந்ததும் பேச்சு நின்றது.
மாடிகளை எண்ணிய மார்லிஸ்
நாற்பதில் தவறவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.
எங்கள் ஊரில் உயரம் என்றால்
தானியக் கிடங்குதான்.
அதற்கு மேலே பருந்து.

படுத்தது தேவாலயத்தின் கூடைப்பந்துக் கூடத்தில்.
தூண்களின் மேல் ஓடும் ரயில்
இரவெல்லாம் போனது, வந்தது.
ஒவ்வொரு முறையும்
வலையில்லாத இரும்பு வளையம்
தலைக்கு மேலே லேசாக நடுங்கியது.
இத்தனை பேர் இந்நேரத்தில்
எங்கே போகிறார்கள் என்று யாரோ கேட்டார்கள்.
வேலைக்கு என்றேன்.
எனக்கும் தெரியாது.

காலையில் உணவு வங்கியின் பொறுப்பாளர்
வெர்னெட்டா கெயின்ஸ்
பக்கச் சுவரைக் காட்டினார்:
நீலம் அடித்துவிடுங்கள்.
நல்ல சுவர். ஒரு குறையும் இல்லை.
வயட் சுரண்டிப் பார்த்தான்:
சந்தன நிறத்தின் அடியில் பச்சை,
பச்சையின் அடியில் பீச் பழ நிறம்,
அப்புறம் சாம்பல், அப்புறம் ஒரு மஞ்சள்,
கடைசியில் வெள்ளை.
ஆறு, என்றான்.
ஆமாம், இந்தக் கோடையில் நீங்கள் ஏழாவது,
என்றார் வெர்னெட்டா,
சிரிக்காமல், சிரிக்காமலும் இல்லாமல்.
போன வாரம் ஒஹையோக்காரர்கள்,
அவர்களுக்கு ஓரம் சரியாக வரவில்லை.

பாஸ்டர் இருமினார்.
நாங்கள் ஓரங்களில் கவனமாக அடித்தோம்.

மதிய ஜெபத்துக்கு வட்டமாக நின்று கைகோத்தபோது
ஒரு கை குறைந்தது.
ப்ரென்னா.
நாற்பது நிமிடம் அந்தத் தெருவில்
நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.
முடிவெட்டும் கடை, டயர் கடை,
பலகை அடித்து மூடிய வங்கி,
"மஞ்சள் சட்டையா?" என்று
கேட்காமலே கை காட்டிய ஒரு கிழவர்.

தெருக்கோடியில் காசு போட்டுத் துவைக்கும் கடை.
உள்ளே, சுழலும் இயந்திரங்களுக்கு நடுவே
ப்ரென்னா ஒரு வெள்ளை விரிப்பின்
இரண்டு முனைகளைப் பிடித்திருந்தாள்.
மற்ற இரண்டு முனைகளில்
விடுதிச் சீருடையில் ஒரு பெண்,
பேசியது ஸ்பானிஷாக இருக்கலாம்.
இருவரும் எதிரெதிரே நடந்து வந்தார்கள்,
முனையோடு முனை சேர்த்தார்கள்,
விலகிப் போனார்கள்,
மறுபடி வந்தார்கள்.
மடித்தது ஒரு குன்று. மடிக்காதது இன்னொன்று.

திட்டத்தான் போனேன்.
கதவருகே நின்றுவிட்டேன்.
என் இரண்டு கைகளும் நீலமாக இருந்தன,
வெள்ளைத் துணியைத் தொட முடியாது.

ஞாயிறு சபையில் படம் காட்டினோம்:
சுவர், முன்பு.
சுவர், பின்பு.
கைதட்டினார்கள்.
பெட்ரோல், பெயின்ட், சட்டை, சாப்பாடு,
கூட்டிப் பார்த்த பொருளாளர் ஹெர்ப்
தொகையை வாய்விட்டுப் படிக்கவில்லை.
ப்ரென்னாவை ஏதாவது சொல்லச் சொன்னார்கள்.
எழுந்தாள்.
அந்த அம்மா பேரைக் கேட்க மறந்துட்டேன்,
என்றாள்.
உட்கார்ந்துகொண்டாள்.

திங்களன்று வேனைக் கழுவினேன்.
பின் இருக்கையின் அடியில்
ஒற்றை வெள்ளைக் காலுறை,
மூன்று வயதுக் கால் அளவு.
எங்கள் பிள்ளைகள் யாருடையதும் இல்லை.
அவள் பையோடு ஒட்டிக்கொண்டு
எண்ணூறு கிலோமீட்டர் வந்திருக்கிறது.

துவைத்துக் காயவைத்து
முன்பக்கப் பெட்டியில்
வரைபடங்களுக்கு மேல் வைத்திருக்கிறேன்.
இந்நேரம் எட்டாவது குழு வந்திருக்கும்.
என்ன நிறமோ.